புது டயர் இரண்டும் முன்னால்

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாறு பாலம் இறங்கி, பெசன்ட் நகர் போக இடது பக்கம் திரும்புகிற இடத்தில் நடந்தது இது. ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் ஏதோ மழையில் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று என்னை நினைத்துவிடுவீர்கள். அதனால் நாலு மாதம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

தி.நகரில் எங்களுக்குப் பள்ளிச் சீருடைக் கடை. வீடு மந்தைவெளியில். ஐம்பத்திரண்டு வயதில் மற்றவர்களுக்கு சர்க்கரை வரும், பிரஷர் வரும். எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. செகண்ட் ஹேண்டுதான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே மடக்குகிற துணிக் கூரை. தரையோடு தரையாக இருக்கும். உள்ளே போவது சுலபம், விழுந்தால் போதும். வெளியே வருவதுதான் கஷ்டம். முதல் நாள் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பரிதாபப்பட்டுக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து அவர் டூட்டி நேரம் பார்த்துத்தான் நான் வீட்டுக்கு வந்தேன்.

எதற்கு இந்த வண்டி என்று எல்லோரும் கேட்டார்கள். யாருக்கும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் மட்டும் தனியாக ஒரு காரில் போனது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு அந்த இடத்துக்குக் கடையின் பேன்ட் துணி மூட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. பின் சீட்டே இல்லாத வண்டி வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும் என்று தோன்றியது.

விற்றவர் வண்டியை ஷெட்டை விட்டு வெளியே எடுத்ததே அபூர்வமாம். மீட்டரில் ஓட்டம் ரொம்பக் குறைவு. பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி குனிந்து டயரைப் பார்த்தேன். ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டைகள், பட்டன் என்பார்களே, அது தேயவே இல்லை. "டயர் நாலும் புதுசு" என்று நானே சொல்லிக்கொண்டேன். விற்றவர் மறுக்கவில்லை. எதற்கு மறுக்கப்போகிறார்?

முதல் சவாரிக்கு மனைவியைக் கூப்பிட்டேன். அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். லஸ் பக்கம் போய் ஒரு திருப்பத்தில் கொஞ்சம் வேகமாக வளைத்தேன். வண்டியின் முன்பக்கம் நான் சொன்ன இடத்துக்குப் போனது. பின்பக்கம் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகப் பார்த்தது. மனைவி கத்தவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"ஏங்க, இது பின்னாடி தனியா ஆடுது. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் எனக்கு ஆட்டோ போதும்."

அதோடு பக்கத்து சீட்டு காலி. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் நரைத்த தலையோடு தனியாகப் போகிற ஆளை சிக்னலில் எப்படிப் பார்ப்பார்கள் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். ஒரு தடவை பக்கத்தில் நின்ற பைக்காரர் பெரிய மரியாதையோடு, "ஓனர் எங்க சார்?" என்று கேட்டார்.

வைத்தியம் ஆரம்பமானது. கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஒருவர் ஷாக் அப்சார்பர் என்றார், இன்னொருவர் அலைன்மென்ட் என்றார், மூன்றாமவர் வண்டியையே விற்கச் சொல்லி, தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். என் மச்சினர் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது கண் திருஷ்டி" என்று சொல்லி முன்னால் கறுப்புக் கயிறு கட்டினார். ஆடுவது பின்னால் என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். பின்னாலும் ஒன்று கட்டினார்.

என் சொந்தக் கண்டுபிடிப்பு அரிசி. பின்பக்கம் லேசாக இருப்பதால்தானே ஆடுகிறது? அதனால் பத்து கிலோ பொன்னி அரிசிப் பை இரண்டை டிக்கியில் வைத்தேன். அதற்கு மேல் அந்த டிக்கியில் ஒரு வெண்டைக்காய்கூட நுழையாது. ஆட்டம் குறையவில்லை. கூடவே மேடு பள்ளத்தில் அரிசி சலசலக்கும் சத்தமும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் கல்யாண நாள் நெருங்கியது. இருபத்தைந்தாவது வருடம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அஷ்டலட்சுமி கோயிலுக்குப் போய்விட்டு, பெசன்ட் நகரிலேயே டிபன் சாப்பிட்டு வரலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். எப்படியாவது அதற்குள் அந்த சீட்டில் அவளை உட்கார வைக்க வேண்டும். ராயப்பேட்டையில் ஒரு டயர் கடை பற்றி யாரோ சொன்னார்கள். போனேன்.

கடையை நடத்துவது ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேலே காக்கிச் சட்டை. வண்டியைச் சுற்றி வந்தார், டிக்கியைத் திறந்தார், நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, ரேஸ் காரா, ரேஷன் கடையா?"

விளக்கினேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது இன்னும் அவமானமாக இருந்தது. பிறகு உட்கார்ந்து டயரை நகத்தால் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். டயர் பிறந்த தேதி அது. கணக்குப் பார்த்தால் டயருக்கு ஒன்பது வயது.

"பட்டன் கீது சார், ரப்பர் இல்ல. ஓடாமயே காஞ்சி கல்லாயிடுச்சி. கல்லு எங்க ரோட்டப் புடிக்கும்?"

என் கடையில் ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டிரவுசர்களில் பழைய ஸ்டாக்கைத் தனியாக எடுத்துக் கழித்துவிடுவேன். யாரும் போடாமல் அலமாரியில் இருந்தாலும் எலாஸ்டிக் செத்துவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், போட்டுக்கொண்டு பிரேயரில் நின்றால் மானம் போகும். இருபது வருடமாக அதைத் தெரிந்து வைத்திருக்கிற ஆள், ஷெட்டில் கிடந்த டயரைப் பார்த்துப் புதுசு என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சரி, நாலையும் மாற்றுங்கள் என்றேன். அங்கேதான் சிக்கல். அந்த அளவு டயர் நம் ஊர்க் கார்கள் எதற்கும் போடுவதில்லை. நாலைந்து இடங்களுக்குப் போன் செய்து பார்த்ததில் இரண்டுதான் கிடைத்தது. மற்ற இரண்டும் வர மூன்று வாரம் ஆகும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

"ரெண்டு போடுங்க. முன்னாடி போடுங்க" என்றேன்.

"ரெண்டு தான்னா பின்னாடி போடணும் சார்."

"ஸ்டீயரிங் முன்னாடிதானே இருக்கு? முப்பது வருஷமா ஓட்டறேன், புது டயர் முன்னாடிதான் போடுவோம்."

"முன்னாடி வழுக்குனா நீங்க பிரேக்க புடிச்சி எப்படியோ சமாளிப்பீங்க. பின்னாடி வழுக்குச்சின்னா வண்டி உங்கள சுத்தி உட்ரும் சார். அப்பறம் ஸ்டீயரிங் சும்மா கைல புடிச்சிக்கத்தான்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா வீட்டிலும் புது டயரை முன்னால் போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு, வெட்கத்தோடு சொல்கிறேன். எங்கள் அபார்ட்மென்டில் வண்டியை முகம் வெளியே தெரிகிற மாதிரிதான் நிறுத்துவேன். முன் டயர்தான் நாலு பேர் கண்ணில் படும்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்தார். "மீதி ரெண்டு வர்ற வரைக்கும் மழைல மட்டும் எடுக்காதீங்க சார். அப்பறம் அந்த அரிசிய எடுத்துனு போய் பொங்கித் துன்னுங்க."

வீட்டுக்கு வரும்போது ரோடு காய்ந்திருந்தது. ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. நினைத்த பக்கம் டக்கென்று திரும்பியது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே முடிவு செய்தேன்.

மனைவி கேட்டாள். "சரியாயிடுச்சா? டயர் கடைல என்ன சொன்னாங்க?"

"புது டயர் போட்டாச்சு. ஜம்முனு இருக்குன்னு சொன்னாங்க."

முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். யோசித்துத் திட்டமிட்டுச் சொன்னதுகூட இல்லை. அவள் வர வேண்டும் என்ற ஆசையில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வானம் மூடியிருந்ததால் கூரையைத் திறக்கவில்லை. பாலத்துக்குப் போகும் முன்பே கண்ணாடியில் தூறல் விழுந்தது. நான் வைப்பரைப் போட்டேன்.

"மழை வருதே, வண்டியை ஓரமா விட்டுட்டு ஆட்டோல போயிடலாமா?" என்றாள்.

டயர் கடைக்காரர் சொன்னது காதுக்குள்ளேயே கேட்டது. ஆனாலும் நான் சொன்னது இது: "இதுக்குத்தானே புது டயர் போட்டிருக்கு."

பாலம் இறங்கி இடது பக்கம் திரும்பினேன். வேகம்கூட அதிகம் இல்லை. திருப்பத்தில் லேசாக ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், அவ்வளவுதான். முன் டயர்கள் ரோட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டன. பின்பக்கம் விட்டுவிட்டது. எதிரே இருந்த மரங்கள் பக்கவாட்டில் ஓடின. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். அது எதோடும் சம்பந்தமில்லாமல் திரும்பியது. எதிர்ப் பக்கம் அந்த நொடி வண்டி எதுவும் வரவில்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து, ஒரு முழுச் சுற்றில் பாதி சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றோம். எஞ்சின் அணைந்துவிட்டது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வண்டியின் பின்பக்கத்துக்கும் பிளாட்பாரத்து இளநீர் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. இளநீர்க்காரர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து என் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னா நைனா, எளநி வேணும்னா ஹாரன் அடிச்சா போதாதா? இப்டி பின்னால வந்துதான் கேக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, கதவைத் திறப்பதாக நினைத்து ஹாரனை அழுத்தினேன். அதைப் பார்த்துவிட்டு அவரே கதவைத் திறந்து எங்கள் இருவரையும் இறக்கி, தார்ப்பாய்க்கு அடியில் நிற்க வைத்தார். ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே பார்த்தேன். தள்ளுவண்டிக்குப் பின்னால், காய்க் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு பெண் ஒரு கையால் தள்ளுவண்டியின் கட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"எம் பொண்டாட்டி சார்" என்றார் இளநீர்க்காரர். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அங்கதான் குந்திகினு இருந்தா. உன் வண்டி சுத்தறதப் பாத்துட்டுதான் எய்ந்தா."

 அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பதறி எழுந்ததில் குவியல் சரிந்து கீழே உருண்ட காய்களைப் பொறுக்கப் போனார். என் மனைவி இளநீரைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரோடு சேர்ந்து பொறுக்கினாள். பிறகு எங்கள் வண்டியிடம் போனாள். முன் டயரைத் தொட்டாள். பின் டயரைத் தொட்டாள்.

"இது புதுசு இல்லையே."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. டயர் கடைக்காரர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் போடச் சொன்னது, மழையில் எடுக்காதே என்றது, எல்லாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ வரமாட்டே."

"ஆமா, வந்திருக்க மாட்டேன். வர்றதும் வராததும் நான் சொல்ல வேண்டியதுங்க. அதையும் சேர்த்து நீங்களே சொல்லிட்டீங்க."

  அவள் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனாள். என்னையும் ஏறச் சொன்னாள், அது அவள் குணம். ஏறிக்கொண்டேன். வண்டி மழை விடும்வரை இளநீர்க்காரர் பொறுப்பில் நின்றது. சாயந்திரம் ரோடு காய்ந்த பிறகு நான் போய், சைக்கிள்கள் என்னை முந்திக்கொண்டு போக, வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

மீதி இரண்டு டயரும் வந்தபோது மனைவியும் கூட வருகிறேன் என்றாள். டயர் கடைக்காரர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்குக் கதை சொல்லத் தேவைப்படவில்லை.

"யக்கா, சாரு நல்லாத்தான் கேட்டுக்கறாரு. ஆனா கேட்டத வூட்டுக்கு எடுத்துனு போறதில்ல" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன், வேறு வழியில்லை. நாலும் புதுசானதும் வண்டி கோடு போட்ட மாதிரி போனது. அவ்வளவு நாள் ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட், திருஷ்டி என்று தேடியதற்கு விடை நாலு ரப்பர் வளையம்தான். ஆனாலும் மனைவி உடனே ஏறவில்லை. இரண்டு மாதம் ஆட்டோவிலேயே போனாள். நான் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து கதவைத் திறந்தாள். உட்காரும் முன், "இந்த வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். இடது பக்கத்து வைப்பர் ரப்பர் லேசாகக் கிழிந்திருந்தது. சொன்னேன். "சரி, இன்னிக்கு வெயில்தானே" என்று ஏறிக்கொண்டாள்.

இப்போதும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி வருகிறது. என்னை நம்பாமல் கேட்கிறாளோ என்று முதலில் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால், நான் சொல்கிற பதிலை நம்பித்தான் பக்கத்தில் உட்காருகிறாள் என்பது இப்போது புரிகிறது. அதனால் அந்தப் பதிலைச் சொல்லும் முன், வயதுக்கு ரொம்பப் பொருத்தமான என் இடுப்பு வலியோடு, ஒரு தடவை வண்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.