செக்போஸ்ட்டுக்குத் தெரிந்தவர்கள் வேண்டும்

"என் தபாலை யாரோ பிரிச்சுப் பார்த்துட்டு மறுபடி ஒட்டி வச்சிருக்காங்க."

தினமும் இதே பாட்டுதான். எங்கள் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அதற்கு முன்னால் நின்று மேல்வீட்டுக்காரி உறையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பாள். ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பாள். அப்புறம் என்னைப் பார்ப்பாள். அந்த "யாரோ" நான்தான் என்று பார்வையிலேயே சொல்லிவிடுவாள். நான் குப்பை போட இறங்கியிருப்பேன், அல்லது அரிசி வாங்கப் போய்க்கொண்டிருப்பேன். அதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. தபாலே வராத நாளிலும் விடமாட்டாள். "வந்திருக்கும், யாரோ எடுத்திருப்பாங்க" என்பாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆமா, உன் கரண்ட் பில்லைப் படிச்சுத்தான் நான் பொழுது போக்குறேன்."

"அது கரண்ட் பில்லுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

உறையின் மேலேயே பெரிதாக பல்பு படம் போட்டிருந்தது. ஆனால் அதைச் சொல்லி வாதாட ஆரம்பித்தால் அடுப்பில் வைத்துவிட்டு வந்தது அடிப்பிடித்துவிடும்.

அவள் தையல்காரி. எங்களுக்கு மேல் வீட்டில் தனியாக இருக்கிறாள். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், சாவி வெட்டும் கடைக்கும் பூட்டியே கிடக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் அவள் கடை. ஒரு தையல் மெஷின், இஸ்திரி மேஜை, ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான். நீங்கள் உள்ளே போனால் அவள் எழுந்து நின்று வழிவிட வேண்டும். புதுத் துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது, பருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது. யார் துணி கொண்டு வந்தாலும் முதல் வேலையாக, அவர்கள் கண்ணெதிரே எல்லா பாக்கெட்டையும் வெளியே இழுத்து உதறுவாள்.

"அப்புறம் மோதிரம் இருந்துச்சு, சாவி இருந்துச்சுன்னு வந்து நிக்கக் கூடாது பாருங்க."

என் வீட்டுக்காரர் ஒருமுறை பேன்ட் கொண்டுபோனார். பாக்கெட்டை உதறியதில் மிட்டாய்க் காகிதம் ஒன்று விழுந்தது. அவர் சர்க்கரை நோய்க்காரர். அன்று சாயங்காலமே, தபால் பெட்டிப் பக்கத்தில் வைத்து எனக்குத் தகவல் வந்துவிட்டது. அன்றுதான் அவர் அவளுக்கு செக்போஸ்ட் என்று பெயர் வைத்தார். வயிற்றெரிச்சலில் வைத்த பெயர்தான், ஆனாலும் கட்டடம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு எங்கள்மேல் சந்தேகம் என்றால் எனக்கு மட்டும் அவள்மேல் இல்லையா என்ன? நிறையவே இருந்தது. இந்த நாட்டுக்கு வருமுன் எந்த ஊர் என்று கேட்டால் "அந்தப் பக்கம்" என்பாள். எந்தப் பக்கம் என்றால் "ஏன் கேக்குறீங்க?" என்பாள். போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் நடக்கும்போது இடுப்பிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வரும். துணிக்குள் காகிதம் உரசுகிற சத்தம். நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போவாள், முகம் வீங்கித் திரும்பி வருவாள்.

"திருட்டு பாஸ்போர்ட்டா இருக்கும். நீ எதுலயும் தலையைக் குடுக்காதே" என்றார் என் வீட்டுக்காரர்.

மிட்டாய்க் கோபத்தில் சொல்கிறார் என்று தெரியும். இருந்தாலும் அது மனதில் உட்கார்ந்துவிட்டது. அவள் படியேறும் சத்தம் கேட்டால் கதவுச் சங்கிலியைப் போட்டுவிடுவேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். சங்கிலியைப் போட்டபடியே திறந்தேன். செக்போஸ்ட் நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை.

"அக்கா, உங்க அடையாள அட்டை வேணும்."

"எதுக்கு?"

"ஒரு இடத்துல காட்டணும்."

"எந்த இடம்?"

"ஆபீஸ்."

"எந்த ஆபீஸ்?"

வழக்கமாக அவள் கேட்கும் கேள்விகளையெல்லாம் நான் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். திடீரென்று படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதுவும் நடிப்போ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். மூக்கிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. நடிக்கிறவர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். சங்கிலியை எடுத்தேன்.

விஷயத்தை அவள் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் இரண்டு தம்ளர் டீ ஆறிப்போயிற்று. நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவள் பி.ஆருக்கு விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி. அது கிடைக்கும்வரை கையில் உள்ள பேப்பர் எதுவும் ஒருநாள்கூடக் காலாவதி ஆகக் கூடாது. ஆகிவிட்டால் வரிசையிலிருந்து தூக்கிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். ஊரில் அவளுடைய அக்கா வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள். பதினெட்டு முடிவதற்குள் பி.ஆர். வந்தால் அம்மாவின் பேப்பரிலேயே மகளும் வந்துவிடலாம். முடிந்துவிட்டால் அவள் தனி ஆள், தாய் கூப்பிட முடியாது. பதினெட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். மறுபடி முதலிலிருந்து நிற்கிற கதையே கிடையாது.

இதற்கு நடுவில் அவளுடைய தங்கும் அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாள். பழைய அட்டையை வாங்கிக்கொண்டு, புது அட்டை வரும்வரை வைத்துக்கொள்ள ஒரு தற்காலிகச் சீட்டு கொடுத்தார்கள். மெல்லிய காகிதம். அந்தச் சமயம் பார்த்து அவளுடைய பாஸ்போர்ட்டும் முடியப்போகிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போனால் அந்தச் சீட்டைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தாள். கவுன்ட்டரில் இருந்தவன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது செல்லாது" என்று திருப்பித் தள்ளிவிட்டான்.

அவள் அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். பளபளவென்று இருந்தது. நாலு ஓரமும் மழுங்க வெட்டி, கெட்டியாக, கண்ணாடி மாதிரி.

"அடிப்பாவி, லேமினேஷன் போட்டியா!"

"இடுப்புலயே வச்சிருக்கேன்ல அக்கா. வேர்வையில எழுத்தெல்லாம் கலங்க ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் போடுவோமே."

அது உண்மைதான். பள்ளிக்கூடச் சர்டிஃபிகேட்டிலிருந்து ஜாதகம்வரைக்கும் பிளாஸ்டிக் போட்டால்தான் நமக்குத் தூக்கம் வரும். என் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட என் மாமனார் போட்டு வைத்திருந்தார். ஆனால் இந்தச் சீட்டின் அடியில் சின்ன எழுத்தில், இந்த ஊர் மொழியில், பிளாஸ்டிக் உறை போட்டால் செல்லாது என்று அச்சடித்திருந்தது. அவளுக்கு இந்த மொழி பேச வரும், படிக்க வராது.

"எங்க போட்டே?"

"மளிகைக் கடை அண்ணன்கிட்ட."

"அந்த ஆளு இந்த ஊர் மொழி நல்லாப் படிப்பாரே. சொல்லலையா?"

அவள் டீ தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

மறுநாள் நானே மளிகைக்கடைக்காரரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, என்னைக் கேக்காதீங்க, அந்தப் பொண்ணைக் கேளுங்க. சீட்டைக் கவுத்துப் போட்டு, மேல தன் கையை வச்சு மறைச்சுக்கிட்டு, 'படிக்காதீங்க அண்ணே, மிஷின்ல விடுங்க'ன்னா. விட்டேன். சீட்டோட முன்பக்கத்தைக் காட்டியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். என் கடையில யாரு யாரோட பேப்பரைப் படிக்கிறா? எனக்கு என் பேப்பரையே படிக்க நேரமில்லை."

அவர் சொல்வதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் படித்துவிடக் கூடாது என்று கவிழ்த்துப் போட்டாள். அதனால் படித்துச் சொல்ல வேண்டிய ஒரே ஆளும் படிக்காமல் போனார்.

புதுச் சீட்டு வேண்டுமானால், இங்கே நிரந்தரமாக இருக்கிற ஒருவர் தன் அட்டையோடு நேரில் வந்து, இவளை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் என் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"யோசிச்சுக்கோ. ஏதாவது வில்லங்கம்னா நம்ம தலையும் சேர்ந்து உருளும்" என்றார் என் வீட்டுக்காரர்.

நானும் ஏமாளி இல்லை. அவளைக் கூப்பிட்டு நேராகச் சொன்னேன்.

"உன் பேப்பர் அத்தனையும் நான் பார்க்கணும். பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் என்னை முறைத்தாள். நான் அவளை முறைத்தேன். பிறகு உள்ளறைக்குப் போய், இடுப்பிலிருந்து ஒரு துணிப் பையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதற்கு வாயே கிடையாது. நாலு பக்கமும் தைத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் பிரித்து எடுத்து மறுபடி தைப்பாளாம். சின்னக் கத்தரிக்கோலால் நூலை வெட்டி, ஒவ்வொன்றாக என் சாப்பாட்டு மேஜைமேல் அடுக்கினாள். நான் ஒரு பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றதன்மேல் கையை வைத்திருந்தாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா, போட்டோவில் இருப்பது இவள்தானா, முத்திரை சுரண்டப்பட்டிருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தது. கோணல் ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் சங்கிலி போட்டதற்கு ஒரு சின்னத் தப்பாவது இருந்திருக்கலாம்.

"ஆபீசுக்குப் போற வழியில உன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டே வா. அவன் கேட்டா நான் என்ன சொல்றது?"

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் மக பேரு என்ன?"

"எதுக்கு?"

"எனக்கு எதுக்குடி? அவன் கேப்பான்!"

முன் இருக்கைக்காரர் இறங்கும்வரை பொறுத்திருந்து, காதோடு சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் என் வீட்டுத் துணிக்கு இனி ஊசி படாது.

அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளவயசுக்காரர். என் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். இந்த ஊர் மொழியில் கேள்வி கேட்டார். அவருக்கும் சந்தேகம். சந்தேகப்படுவதற்குத்தானே சம்பளம்.

இவர் உங்களுக்கு எப்படித் தெரியும்? மேல் வீடு. இவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? இல்லை. சேர்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? இல்லை. இவர் நண்பர்கள் யார்? தெரியாது. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். பிறகு எப்படித் தெரியும் என்கிறீர்கள்?

மகளுடைய பெயரை அவர் கேட்கவே இல்லை. வேறு ஒன்றும் தோன்றாமல் உண்மையைச் சொன்னேன்.

"தினமும் தபால் பெட்டிகிட்ட நின்னு, தன்னோட தபாலை நான் பிரிச்சுப் படிக்கிறேன்னு சண்டை போடுவா. வருஷக்கணக்கா. ஒருநாள் விட்டதில்லை."

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"தினமுமா?"

"தினமும். தபால் வராத நாள்லயும்."

பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, தலை தூக்காமல் கேட்டார்:

"பிரித்துப் படித்தீர்களா?"

செக்போஸ்ட் சட்டென்று என் பக்கம் திரும்பி, பதிலுக்குக் காத்திருந்தாள். அவளுக்காகக் கையெழுத்துப் போட வந்த இடத்தில்! இல்லை என்றேன். அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

புதுச் சீட்டு வந்தது. அதைக் காட்டி பாஸ்போர்ட்டும் புதுப்பித்தாயிற்று. வரிசையில் அவள் இடம் போகவில்லை. இப்போது சீட்டை ஒரு திறந்த பிளாஸ்டிக் உறையில் வைத்து, உறையைத் துணிப்பையில் வைத்து, பையைத் தைத்திருக்கிறாள். எங்களுக்குள் பழக்கம் பெரிதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நேற்றும் உறையை நகத்தால் கீறிப் பார்த்தாள். நான் சங்கிலியை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் வேலை முடியவில்லை. போன வாரம் பி.ஆர். அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. அதைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து, "நீங்களே பிரிச்சுப் படிங்க" என்றாள். அன்றைக்குப் படியில் நான்தான் உட்கார்ந்துவிட்டேன். கடைசிக் கட்டமாம். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர், இவளைப் பழகித் தெரியும் என்று சொல்ல வேண்டும். இங்கே நிரந்தரமாக இருப்பவர்களாக இருக்க வேண்டும். ஒரே வீட்டு ஆட்கள் கூடாது, அதனால் என் வீட்டுக்காரர் தப்பித்தார். மளிகைக்கடைக்காரர் சொல்லத் தயார், ஆனால் அவரே அதே வரிசையில்தான் நிற்கிறார். சாவி வெட்டுகிறவரிடம் இவள் பேசுவதில்லை, சாவியை நகல் எடுத்துவிடுவாராம்.

ஆக, ஒன்று நான். இன்னொருவர் இல்லை. யாரையும் நம்பாமல் இருந்தவளை யாருக்கும் தெரியாது.

இதை எழுதுவது அவளுக்குத் தெரியும். படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னாள், வெட்டினேன். மிட்டாய் விஷயத்தை வெட்டச் சொன்னது என் வீட்டுக்காரர், அதை வெட்டவில்லை.

இங்கே நிரந்தரமாக இருக்கும் உங்களிடம் நான் கேட்பது இதுதான். அலமாரியில் ஜிப் போன உடுப்பு ஒன்றாவது கிடக்கும். எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் போங்கள். எடுத்த எடுப்பில் உதவ வந்தேன் என்று சொல்லாதீர்கள், கடையைப் பூட்டிவிடுவாள். பாக்கெட்டை உதறுவாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஜிப் சரியில்லை என்று மறுபடி போங்கள். பேன்ட் நீளம் என்று மறுபடி போங்கள். அவள் உங்களைப் பார்த்து, "போன தடவை நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் என் சாக்குக்கட்டியைக் காணோம்" என்று சொல்லும்வரை போய்க்கொண்டே இருங்கள். அப்படிச் சொல்லிவிட்டாள் என்றால் அவளுக்கு நீங்கள் தெரிந்தவர் ஆகிவிட்டீர்கள். உடனே இரண்டாவது கையெழுத்துக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவள் மகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வருவதற்கு முன்னால் தட்டுங்கள்.