விசில் அண்ணியின் திருத்தம்

நாடாளுமன்றத்துக்குப் போன பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர்கள் தொட்டிலிலேயே மேடைப்பேச்சு பேசியதுபோல் எழுதுவார்கள். என் நாத்தனார் விஷயத்தில் அந்தக் கதையெல்லாம் எடுபடாது. அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் ஊதுகிற ஊதலில் டிரைவர்கள் பதறிப்போய் பிரேக்கை மிதிப்பார்கள் என்பதால் டிப்போவே சேர்ந்து ‘விசில்’ என்று பெயர் வைத்துவிட்டது. அப்படிப் பதறிய டிரைவர்களில் ஒருவர் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். என் வீட்டுக்காரரின் அக்கா என்பதால் எனக்கு அவர் விசில் அண்ணி. அவர் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை.

டிப்போவில் கழிப்பறை ஒன்றுதான், அதுவும் ஆண்களுக்கு. கடைசி நிறுத்தங்களில் அதுகூடக் கிடையாது. ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அண்ணி என்ன செய்வார்? காலையில் பஸ் ஏறினால் வேலை முடிகிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். கடைசியில் சிறுநீரகத்தில் தொற்று வந்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தண்ணீர் குடிக்காததற்கு டாக்டர் திட்டு திட்டென்று திட்டினார்.

“குடிக்கிறேன் டாக்டர். குடிச்சிட்டு எங்க போறதுன்னும் அந்தச் சீட்டுலயே எழுதிக் குடுத்துடுங்க” என்றார் அண்ணி, படுத்தபடியே. டாக்டர் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடம்பு தேறியதும் பெண் கண்டக்டர்களைத் திரட்டினார். ஒரு நாள் காலை எல்லாரும் டிப்போ வாசலை மறித்து உட்கார, ஒரு பஸ்கூட வெளியே போகவில்லை. மேனேஜர் அலறியடித்துக்கொண்டு வந்து, மத்தியானத்துக்குள் பெண்களுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தந்தார். அண்ணி சங்கத் தலைவி ஆனார். அடுத்த தேர்தலில், தான் எந்தக் காலத்திலும் ஜெயிக்காத ஒரு தொகுதியை, சங்கம் சார்ந்திருந்த கட்சி அவர் தலையில் கட்டியது. ஒரு பஸ்ஸில் ஏறி ஓட்டுக் கேட்பார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ் பிடிப்பார். ஜெயித்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலையை விட்டுவிட்டு அவர் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டேன்.

கட்சி ஆட்சிக்கும் வந்தது. ஆனால் அண்ணிக்குக் கிடைத்தது கடைசி வரிசை. அங்கே பேசுகிற வேலையே இல்லை. கொறடா என்று ஒருவர் உண்டு, கட்சி உறுப்பினர்களை மேய்ப்பவர். எங்கள் கொறடா முன்வரிசையில் இருந்து கையைத் தூக்கினால் எல்லாரும் ‘ஆம்’ என்று கத்தவேண்டும். கை கீழே இருந்தால் ‘இல்லை’. எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. படித்தவர், படிக்காதவர் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு ஐந்து வருடத்தை ஓட்டினார்கள்.

பதவிக்காலம் முடிகிற சமயத்தில் பஸ் போக்குவரத்து மசோதா வந்தது. அண்ணி ஒரு திருத்தம் கொடுத்தார்: எல்லா டிப்போவிலும் கடைசி நிறுத்தத்திலும் பெண் ஊழியர்களுக்குக் கழிப்பறை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பஸ் ஓட்ட அனுமதி கிடையாது. மந்திரிக்கு அது பிடிக்கவில்லை. கொறடா அண்ணியைத் தன் அறைக்கு அழைத்தார். நானும் கூடப் போனேன்.

“அந்தத் திருத்தத்த வாபஸ் வாங்கிடும்மா. மந்திரி கடுப்புல இருக்காரு.”

“ஒரு நாள் எங்க பஸ்ல டூட்டி பாக்கச் சொல்லுங்கண்ணே. கடுப்புன்னா என்னன்னு தெரியும்.”

“அடுத்த தேர்தல்ல சீட்டு வேணுமா, வேண்டாமா?”

“வேணும். திருத்தமும் வேணும்.”

“ரெண்டும் கிடைக்காது.”

“அப்ப எனக்குத் திருத்தமே போதும்.”

இந்த மசோதா போனால் இன்னொன்று எப்போது வருமோ, அப்போது அண்ணி உள்ளே இருப்பாரோ.

வாக்கெடுப்பு நாளில் பார்வையாளர்களுக்கான மேல் மாடத்தில் நானும் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் சீருடையோடு வந்த பெண் கண்டக்டர்கள். சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். கீழே பாதிப்பேர் சொக்கிக்கொண்டிருந்தார்கள். திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று தாலாட்டுப்போல் பதில். அண்ணியின் திருத்தம் வந்தது. நான் அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கொறடாவுக்கு முழு வழுக்கை. ஏசி நேராக அவர் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கச் சொல்லி, ஓரமாக நின்ற ஊழியரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சபாநாயகர் சரியாக அந்த நேரம் பார்த்து, “ஆதரிப்போர் ‘ஆம்’ என்க” என்றார்.

“ஆம்” என்று கட்சியே கத்தியது.

கொறடாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பி, வேண்டாம் வேண்டாம் என்று தூக்கிய கையைப் பலமாக ஆட்டினார். ஐயா இன்னும் சத்தமாகக் கேட்கிறார் என்று நினைத்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து, “ஆம், ஆம்” என்றார்கள். “எதிர்ப்போர்?” என்று சபாநாயகர் கேட்டபோது மந்திரியின் குரல் மட்டும் ஈனசுரத்தில் வந்தது. அவர் எழுந்து, தலைகளை எண்ணவேண்டும் என்றார்.

எண்ணினால் கொறடா கையைக் கீழே இறக்கிவிடுவார், தீர்ந்தது கதை. அண்ணி எழுந்தார். மைக்கைத் தொடவே இல்லை.

“எண்ணட்டும் ஐயா. இப்ப ஆம்னு சொன்னவங்க, பொம்பளைங்களுக்குக் கழிப்பறை வேண்டாம்னு ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லட்டும். டிவியில வீட்டுல எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க.”

எல்லாரும் கொறடாவைப் பார்த்தார்கள். கொறடா மந்திரியின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சபாநாயகர், திருத்தம் நிறைவேறியது என்றார். மாடத்தில் சத்தம் போடக்கூடாது என்பது விதி. யார் கேட்டோம்?

வெளியே தாழ்வாரத்தில் கண்டக்டர்கள் அண்ணியைத் தூக்காத குறை. கொறடா விறுவிறுவென்று வந்து, “உனக்கு இனி சீட்டு கிடையாது. ஞாபகம் வச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. திருத்தத்தின் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தவரின் முகம் திடீரென்று மாறியது.

“தண்ணி எழுதியிருக்கேன். லைட்டு எழுதியிருக்கேன். கதவுகூட எழுதியிருக்கேன். தாழ்ப்பாள் எழுதலையே.”

“அதுக்கு என்னம்மா இப்ப?” என்றார் அண்ணன்.

கண்டக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்க டிப்போ கொட்டகைக்கு இப்பவும் தாழ்ப்பாள் கிடையாதுங்க்கா” என்றாள் ஒருத்தி, பக்கத்தில் நின்றவளைக் காட்டி. “நான் உள்ள போனா இவ வெளிய கதவ இழுத்துப் பிடிச்சுக்குவா. இவ லீவு போட்டா நான் அன்னிக்குப் போறதே இல்ல.”

அண்ணி பிரதியை மடித்து என்னிடம் கொடுத்தார்.

“சுயேச்சையா நிக்கறேன்” என்றார்.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கோ அப்போதே தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்கவேண்டும்போல் இருந்தது.