ஏறாத பழுப்பு

எங்கள் ஆய்வக அலமாரியின் உச்சியில் ஒரு தெர்மாக்கோல் பெட்டி இருக்கிறது. மூலை உடைந்தது, மஞ்சள் டேப் சுற்றியது. புதிதாக வேலைக்கு வருகிற எல்லாரும் முதல் வாரத்திலேயே அதைத் தூக்கிப் போடப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மேடம் நினைவுக்கு வருவார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் நோய்க்குறியியல் டாக்டர் என்பதால் எனக்கு மேடம். அவருக்கு நான் ‘பாஸ்’.

திருவள்ளூரில் எங்களுடையது சின்ன ஆய்வகம். மார்பகக் கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டுகிற மருந்தை ஊற்றிச் சாயம் ஏற்றுவோம். புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாகும்; இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். பழுப்பு என்றால் அந்தக் கட்டி ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அதைப் பட்டினி போட மாத்திரை உண்டு. நீலம் என்றால் அந்த மாத்திரை கிடையாது. கண்ணாடித் துண்டில் நடக்கிற இந்த மாயத்தில் எனக்கு அப்போது பைத்தியமே பிடித்திருந்தது. காத்திருப்பதுதான் ஆகாது.

கும்மிடிப்பூண்டி உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் மனைவியுடைய கட்டி அன்று முழுக்க நீலமாக வந்தது. சர்ஜன் காலையிலிருந்து போனில். “நெகட்டிவ்னு போட்டு அனுப்பும்மா, திங்கக்கிழமை மருந்து ஏத்தணும்.” மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கட்டிக்குப் பக்கத்தில், நோய் தொடாத சாதாரணப் பால்குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அங்கே சில செல்களாவது பழுப்பாகும். இந்தப் பெண்ணுக்கு அதுவும் நீலம்.

“கன்ட்ரோல் ஸ்லைடு சூப்பரா ஏறியிருக்கு மேடம். சாயத்துல கோளாறு இல்ல” என்றேன். சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூடவே போடுகிற, பழுப்பாகும் என்று முன்பே தெரிந்த சதை அது.

“சாயத்துல இல்ல பாஸ், சதையில. இது நெகட்டிவ் இல்ல. இது ஒண்ணுமே சொல்லல.” சர்ஜனிடமும் அதையேதான் சொன்னார்: சாயம் ஏறவில்லை என்பது வேறு, புரதம் இல்லை என்பது வேறு. அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்கு மாத்திரை இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

கணவரை வரச்சொன்னார். சதையை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதும் மனிதர் பெருமையாகவே ஆரம்பித்தார். “பாட்டில்ல இருந்த மருந்துத்தண்ணி மூடி வழியா ஒழுகிச்சி மேடம். பஸ்ல அல்லாருக்கும் கண்ணு எரியுது. கண்டக்டர், இன்னாய்யா பொணத்த தூக்கிக்கினு வந்துகிறியா, எறங்குன்னுட்டான். பெரியபாளையத்துல எறங்கி, அந்தத் தண்ணிய ஊத்திட்டு, மீன்காரம்மாகிட்ட ஐஸு வாங்கி வெச்சேன். மீனுக்கே வெக்கிறோம், என் பொஞ்சாதி ஒடம்பு கெட்டுப்போவ உடுவேனா?” அடுத்த பஸ் நெடுநேரம் வரவில்லை, ஐஸ் உருகிவிட்டது. இங்கே கவுன்டரில் நாங்கள், சதையைக் கெடாமல் காக்கிற திரவம் வழியில் சிந்திவிட்டது போலிருக்கிறது என்று புதிதாக ஊற்றி வைத்துக்கொண்டோம். அதற்குள் புரதம் சிதைந்திருந்தது.

எனக்கு வாய் துறுதுறுத்தது. மேடம் ஒரு சொல் கடியவில்லை. “நல்லா பாத்துக்கத்தான் நெனச்சிருக்கீங்கண்ணே” என்றார். பிறகு சென்னையில் வேறோர் ஆய்வகத்துக்குப் போன் போட்டார். அறுவைக்கு முன்னால் ஊசியில் எடுத்த துணுக்கு அங்கே மெழுகில் பதித்து இருந்தது. அதை எடுத்துவர அந்தக் கணவரையே அனுப்பினார்.

“மறுபடியும் அவரையா?” என்றேன்.

“அவரவிட பத்திரமா யாரு கொண்டாருவா?” என்னிடம் சொல்லிவிட்டு, வாசல்வரை போனவரைக் கூப்பிட்டார்: “அண்ணே, இது மெழுகுக்கட்டி. ஐஸ் வேணாம்!”

மறுநாள் அவர் சட்டைப்பையைக் கையால் பொத்தியபடியே உள்ளே வந்தார். வழியெல்லாம் அப்படியே பிடித்து வந்திருப்பார் போல. பொத்தான்கூட வியர்வையில் நனைந்திருந்தது. சாயம் ஏறி முடிந்ததும் மேடம் பார்த்தார், நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். பால்குழாய் இருந்த ஓரத்தில் பழுப்பு. கட்டியிலும், கண்ணுக்கு எட்டியவரை பழுப்பு. “இப்ப பேசுது பாரு” என்றபடி சர்ஜனுக்குப் போன் போட்டார்.

இப்போது மேடம் வேறு மாநிலத்தில் பெரிய மருத்துவமனையில் இருக்கிறார். எங்களுக்கும் சாயம் ஏற்ற இயந்திரம் வந்துவிட்டது. என் பொறுமையின்மைக்கு ஏற்ற வேகம் அதற்கு. ஆனாலும் நீலமாக ஒரு ஸ்லைடு வந்தால் நான் கட்டியைப் பார்ப்பதில்லை, பால்குழாயைத் தேடுகிறேன். பிறகு கண் தானாக அலமாரிக்கு மேலே போகிறது.

அந்தப் பெட்டியில் வந்தது சதை அல்ல. மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து, மேடம் இங்கே இருந்தபோதே, கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து கொடுத்தது. நிறைய பழவேற்காட்டு இறால். அவர் மூடியைத் திறந்து காட்டி, “இதுக்கு ஐஸு வெக்கலாம் இல்ல மேடம்?” என்று நிஜமாகவே கேட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “இத்தோட எத்தினி பேர கேட்டுட்டான் தெரியுமா இந்தாளு? வா, ஊட்டுக்கு.” மருந்து ஏற்றியதில் கொட்டிய முடி அவர் தலையில் அப்போதுதான் முளைத்திருந்தது. முன்னால் நடந்து, பஸ்ஸைப் பிடிக்க அவர்தான் கணவனை அவசரப்படுத்திக்கொண்டு போனார்.