வகை: விபத்து

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில். உமைரா இரண்டு வருஷமாக இப்படித்தான் தொழிற்சாலை முதலாளிகள் சங்க ஆபீசுக்கு வந்துபோனாள். 2008இல் சங்கத்துக்கு வலைப்பதிவு தொடங்கியபோது அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

செயலாளர் வீரராகவன் சொல்வதைத் தட்டச்சு செய்வாள். "தகட்டுக் கம்பெனியில 12ஆம் தேதி மெஷின் பராமரிப்பு, ஒருநாள் உற்பத்தி நிறுத்தம்னு போடும்மா. உள்ளாற வகை மட்டும் எப்பவும்போல விபத்துன்னு வச்சிடு. மொத்தம் எத்தினின்னு வருஷக் கடைசில எண்ணணும். வெளிய தெரியாதில்ல?"

தெரியாது. பதிவுகளின் தலைப்பும் தேதியும் மட்டுமே வெளியே வரும்படிதான் வலைப்பதிவின் பக்க அமைப்பான வார்ப்புரு இருந்தது.

இரண்டு வாரம் கழித்து கன்னியம்மா நஷ்டஈடு கேட்டு வந்து நின்றாள். தகட்டுக் கம்பெனியில் அவள் புருஷன் சின்னராசுவுக்கு மூன்று விரல் போயிருந்தது.

"அன்னிக்கு உன் புருஷன் வேலைக்கே வரலம்மா. எங்கயோ அடிபட்டுக்கினு வந்து கம்பெனி மேல பழி போடறீங்களா?" என்றார் வீரராகவன்.

"இன்னா தேதின்னு கூட நான் இன்னும் சொல்லலியே சார்!" என்றாள் கன்னியம்மா. அவர் எழுந்து போய்விட்டார்.

உமைராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் கையால் அடித்த பொய் அது. வார்ப்புருவின் நிரலைத் திறந்தாள். தேதிக்குக் கீழே, பதிவின் வகையை வரவழைக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்துச் சேமித்தாள். பக்கத்தைப் புதுப்பித்ததும் அவளே திடுக்கிட்டாள். ஒவ்வொன்றாக அவளே போட்டவைதான், ஆனால் சேர்த்துப் பார்த்ததில்லை. அந்த ஒரு பதிவு மட்டுமல்ல. 'மின்தடை', 'பராமரிப்பு', 'திடீர் விடுமுறை' என்று வருஷம் முழுக்கப் போட்ட பதினோரு பதிவுகளின் கீழும் 'வகை: விபத்து' என்று வந்து நின்றது.

பதினொன்றையும் அச்செடுத்துக் கன்னியம்மாவிடம் கொடுத்தாள். "நேரா லேபர் ஆபீசுக்குப் போக்கா."

மறுநாள் வீரராகவன் கத்தினார். "யாரைக் கேட்டு இத்தப் போட்ட?"

"நான் புச்சா ஒண்ணும் எழுதல சார். நீங்க சொன்னதுதான். மறைச்சு வச்சிருந்தீங்க, தெரிய வச்சேன்."

அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்த வரியையும் நீக்கினார்கள். ஆனால் விசாரணையில் அச்சுத்தாளைக் காட்டியதும், விபத்து உள்ளேதான் நடந்தது என்று கம்பெனி ஒப்புக்கொண்டது.

சின்னராசு நன்றி சொல்ல வந்தபோதும் உமைராவின் கோபம் ஆறவில்லை. "மத்த பத்துப் பேரு யாருண்ணா? அவங்க ஊட்டுக்காரங்கள இன்னா சொல்லித் திருப்பி அனுப்பினானுங்க?" என்று கேட்டாள்.