வாடாமல்லிக் கலரில் ஓர் அறை

இளம்பச்சை நல்ல கலர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கு அமைதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வீடு கட்டியபோது உள்ளறைக்கு அந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தவர் என் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. பகல் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால் வெள்ளையைத் தவிர எது இருந்தாலும் சரி என்றிருந்தது.

அப்புறம் எனக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்தார்கள். மருந்து ஏற்றுகிற வார்டின் சுவரும் இளம்பச்சை. எங்கள் உள்ளறையின் அதே பச்சை. கையில் ஊசியோடு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். வீட்டுக்குத் திரும்பி உள்ளறையில் காலை வைத்ததும் குமட்டிக்கொண்டு வரும்.

மருந்துதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்ட இட்லி வயிற்றில் நின்றது. உள்ளறையில் சாப்பிட்டால் வெளியே வந்தது. மருந்தின் வேகம் இறங்கி, ரசஞ்சோறு ருசிக்க ஆரம்பித்த நாட்களிலும் அப்படித்தான். கண்ணை மூடிப் படுத்தால் தேவலை. திறந்தால் மறுபடியும் வார்டு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர் அவர். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

"மருந்து பண்ற வேலைக்குச் செவரு என்ன செய்யும்?" என்றார்.

"கலர மாத்தித்தான் பாப்போமே."

"மொதல்ல ஒடம்பு சரியாகட்டும்."

அப்போது அவருடைய அக்கா எனக்கு ஒத்தாசையாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். மதினி என்று கூப்பிடுவேன். கெட்ட மனுஷி இல்லை. என் வாந்தி வாளியை முகம் சுளிக்காமல் கழுவியவர்கள். ஒரு மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அக்காவும் தம்பியும் ஹாலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரூமுக்குக் கலர் மாத்தணும்ங்கா அவ. என்ன செய்யலாம்க்கா?"

"இப்ப எதுக்குலே அது? பொறவு எப்படியும் வீட்டுக்கு வெள்ளையடிக்கத்தான வேணும். அப்பச் சேத்துப் பாத்துக்கிடலாம்."

அந்தப் 'பொறவு' எது என்று எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் ஒரு சாவு விழுந்து, காரியம் முடிந்தபின் அடிக்கிற வெள்ளை அது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் பொறுமையாக இரு, அமைதியாக இரு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரும் அதையேதான் சொன்னது. சத்தம் போடாதே, கிடக்கிறபடி கிட.

மதினி வத்திராயிருப்புக்குத் தன் வீட்டைப் பார்க்கப் போன வாரம், ராஜபாளையத்திலிருந்த என் தங்கச்சிக்குப் போன் போட்டேன். காரணம் கேட்காமல் வந்துவிட்டாள். மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவளோடு ஆட்டோவில் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரப் பாய் கலர் அட்டையை விரித்தார். சந்தனம், வெண்ணெய், ரோஸ் எல்லாம் தாண்டி வாடாமல்லிக் கலரில் விரலை வைத்தேன். கருத்த உடம்புக்கு எடுக்காது என்று சேலைக் கடையில் எப்போதும் என் கையிலிருந்து பிடுங்கி வைக்கப்பட்ட கலர் அது.

"படுக்கிற ரூமுக்காம்மா? கண்ணு கூசும். ஒரு செவுத்துக்கு மட்டும் அடிங்க," என்றார் பாய்.

"நாலு செவுத்துக்கும் குடுங்க."

துண்டைப் பார்த்தவர் அதற்குமேல் வாதாடவில்லை. "அப்ப வாடை இல்லாததாத் தாரேன்," என்று கலக்கிக் கொடுத்தார்.

பெயிண்டர் வைத்தால் சேதி வீட்டுக்காரருக்குப் போய்விடும். தங்கச்சியே ரோலரை எடுத்தாள். மருந்து உடம்போடு பெயிண்ட் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மேல விட்டுட்ட பாரு, மூலையில பச்ச தெரியுது," என்று விரட்டிக்கொண்டிருந்தேன். பாதிக்குமேல் பொறுக்கவில்லை. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் எட்டுகிற மட்டும் நானே உருட்டினேன். பச்சை மறைய மறைய மூச்சு சுலபமாக வந்தது.

சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது, திருவிழாப் பந்தலாட்டம்! ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். பொறவு வெள்ளையடிக்கலாம்னு ஹால்ல முடிவாச்சு. அதான் அதுக்கு முந்தியே அடிச்சிட்டேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. தங்கச்சி திரும்பாமல் சுவரையே பார்த்து உருட்டினாள். அவர், "சுவிச்சுல வழிஞ்சிருக்கு," என்று முனகிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சாப்பாடு ஆறிப்போனது.

கலர் என் நோயைத் தீர்க்கவில்லை. அடுத்த கீமோ முடிந்து வந்தபோதும் வாந்தி எடுத்தேன். ஆனால் மருந்தால் வந்த வாந்தி மருந்தோடு நின்றது. மலைப்பக்கம் சரிகிற வெயில் ஜன்னல் வழியாகச் சுவரில் விழும்போது என் கைகளும் தலையும்கூடச் சிவக்கும். கண்ணாடியில் பார்த்தால் ரத்தம் ஓடுகிற ஆளாகத் தெரிந்தேன். பச்சை அறையில் இழவு வீட்டுக் குரலில் விசாரித்தவர்கள், இங்கே வந்ததும் "ஏட்டி, என்ன கலருட்டி இது!" என்று கத்தினார்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன். சண்டை போட ஆள் கிடைத்தால் நேரம் போவதே தெரியவில்லை.

மதினி திரும்பி வந்து அறைக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தார்கள்.

"நோவாளி படுக்குற ரூமா இது?"

"இல்ல மதினி. நான் படுக்குற ரூம்."

கஞ்சியை என் கையில் கொடுத்துவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் அவர்கள் அந்த அறைக்குள் வருவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. மற்றபடி நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

கீமோ முடிந்து தலைமுடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. கம்பெனிக்குப் போகிறேன். செக்கப்புக்கு மதுரை போகிறபோது அந்த வார்டைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். தலையைக் குனியாமல் நடக்கிறேன். இனி என்ன வரும் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தத் தீபாவளிக்கு ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். சந்தனக் கலர்தான் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருக்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.