பெட்டியைத் தொடாதவர்கள்

குத்துச்சண்டை ஆசான் செத்துப்போனார் என்று ஆள் வந்து சொன்னபோது நான் பழஞ்சோறு தின்றுகொண்டிருந்தேன். முழுவதும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன். நீயும் ஒரு மனுஷனா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது கப்பல்காரர்களிடம் குத்துச்சண்டை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், குழித்துறைப் பக்கம் கொப்பரை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் கயிறு கட்டி எங்கள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வேதக்கோயில் சபை மூப்பர்கள்கூட அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அவருடைய முதல் பாடம் கைக்கு அல்ல, முகத்துக்கு.

"வலி மொகத்துல தெரிஞ்சா, அடிச்சவன் திரும்பவும் அங்கயே அடிப்பான். ஒண்ணும் காட்டப்பிடாது, கேட்டியா மக்கா?"

விலாவில் குத்து வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகினோம், வருஷக்கணக்காக. தங்கை கல்யாணமாகிப் போன அன்றும் எனக்கு அதே முகம்தான். அம்மா ஏசித் தீர்த்தாள்.

ஆசான் இறந்தால் சிஷ்யர்கள்தான் சுமக்க வேண்டும். அடிமுறை என்ற நாட்டுச் சண்டைக்கலை பழகுகிறவர்களின் வழக்கம் அது. நாங்களும் அதை எடுத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒரு தோள் கொடுத்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

முற்றத்தில் உபதேசியார் ஜெபம் முடித்ததும் ஆறு பேர் சவப்பெட்டியருகே குனிந்தோம். ஆசானின் மனைவி எழுந்து வந்து பெட்டிமேல் கையை வைத்தார்.

"வேண்டாம். காலத்தே இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். ஒருத்தன் கண்ணுலயாவது சொட்டுத் தண்ணி உண்டா? எழவு வீட்டுல மரம் மாதிரி நிக்கிய. அவரத் தொடாதிய."

"ஆசான்தான் அப்பிடிப் படிப்பிச்சாரும்மா" என்றேன்.

"அது அடிக்கவனுக்கு முன்னால. இஞ்ச ஆருலே உன்ன அடிக்கா?"

அழுதுவிடலாம் என்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணைக் கசக்கிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒருவன் கேவிக் கேவி அழத் தொடங்கினான். கிட்டங்கியில் எங்களோடு பழகியவன்தான். ஒரு குத்து விழுந்தாலே கண் கலங்கிவிடும் என்பதால் ஆசான் அவனை ஒரு போட்டிக்கும் இறக்கியதில்லை. நாங்கள் செய்யாத கேலியும் இல்லை. அந்த அம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தலைமாட்டில் நிறுத்தினார். மற்ற இடங்களுக்கு ஆசானுடைய தம்பிமார் வந்தார்கள்.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் நாங்கள் வெறுங்கையோடு பின்னால் நடந்தோம். அவன் மூக்கைக்கூடத் துடைக்க முடியாமல், அழுதுகொண்டே ஆசானைச் சுமந்து போனான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்றைக்கு முழுவதும் எனக்குள் வந்தது அது ஒன்றுதான்.