விண்ணப்பத்தில் மகளின் மதம்

என் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண்தான். அரசுக் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டுமே என்று, பட்டாசு கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன்.

எங்கள் தெருவில் ஞாயிறு தவறாமல் சபைக்கு வருகிறவர்களில் பலர் காகிதத்தில் இந்துதான். அப்படி இருந்தால்தான் பட்டியல் சாதி இட ஒதுக்கீடு உண்டு. கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால் அது போய்விடும். இதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. காட்டுவேலை செய்து, பிறகு பட்டாசு மருந்துக்கும் திரிக்கும் வந்து சேர்ந்த சனம். மேலே ஏற வேறு வழி என்ன இருந்தது?

"பழசையே, இந்துன்னே போட்டுருதேன்யா. எல்லாரும் அப்படித்தான வாங்குதாக. நீங்க பேசாம இருந்தாப் போதும்," என்றார் அலுவலர். நல்ல மனுஷன்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "பொய் வேண்டாம் சார். கிறிஸ்தவம்னே போட்டுருங்க," என்றேன்.

"பிள்ளை படிப்புய்யா. வீம்பு பண்ணாதீக."

பண்ணினேன். இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக்கு எங்களிடம் வக்கில்லை. மகள் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலைக்குப் போனாள். மனைவி எனக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கர்த்தருக்காக இழந்தேன் என்று அழுதேன், எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது. விசுவாசம் போகவில்லை. தெம்புதான் போய்விட்டது.

போன மாதம் ஒரு சாயங்காலம், பஸ்ஸை விட்டு இறங்கும் மகளைப் பைக்கில் கூட்டிப்போகக் காத்திருந்தேன். இறங்கி வந்தவளின் விரல்களில் தகரம் கீறிய காயம். மனசு தாங்கவில்லை.

"அப்பாவ மன்னிச்சிரும்மா. எனக்குப் பொய் சொல்ல முடியல."

"பொய் சொல்லுங்கன்னு நான் எப்பப்பா சொன்னேன்? நானும்தான ஞானஸ்நானம் எடுத்திருக்கேன். நீங்க கேட்டிருந்தா நானே கிறிஸ்தவம்னுதான் சொல்லிருப்பேன்." பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணவே இல்லையாப்பா?"

தோன்றவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.